லேப்டாப்பைத் தூங்க வைத்த கதை

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பாடு முடித்துவிட்டு வந்து படிக்கலாம்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், ராத்திரி பத்து மணிக்கு 80 சதவீதம் சார்ஜோட லேப்டாப்பை மூடி வெச்சேன். காலையில ஏழு மணிக்குத் திறந்தா 52. நான் தூங்கறப்ப இது முழிச்சுக்கிட்டு என்னதான் பண்ணுது?" குழுவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பேட்டரி போச்சு என்றார் ஒருவர். வைரஸ் என்றார் இன்னொருவர். "ஷட்டவுன் பண்ணிட்டுப் படு மாப்ள" என்று ஒரே வரியில் முடித்தார் மூன்றாமவர். இயற்பியல் வாத்தியாரிடம் கேட்ட கேள்விக்கு ஒரே வரியில் பதில் வராது என்பது உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இதற்குப் பின்னால் முப்பது வருட வரலாறு இருக்கிறது.

முதலில் கணக்கு. சாதாரண லேப்டாப் பேட்டரி ஒன்று 45 வாட்-மணி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 28 சதவீதம் என்றால் 12.6 வாட்-மணி. ஒன்பது மணி நேரத்தால் வகுத்தால் 1.4 வாட். இரவு முழுவதும் சாமி அறையில் எரிகிற சின்ன எல்இடி விளக்கு அளவு. கேட்கக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒழுங்காகத் தூங்குகிற லேப்டாப் 0.3 வாட்டில் இரவை ஓட்டிவிடும். அப்படியானால் இறங்கியிருக்க வேண்டியது 6 சதவீதம்தான். 0.3 வாட்டில் நிறைந்த பேட்டரி 150 மணி நேரம், அதாவது ஆறு நாளைக்குத் தாங்கும். 1.4 வாட்டில் 32 மணி நேரம்தான்.

நாமக்கல்காரர்களுக்கு இது புதுச் சங்கதி இல்லை. பாடி கட்டுகிற பட்டறையில் பத்து நாள் நிற்கிற லாரியில் கேபின் விளக்கை அணைக்க மறந்துவிட்டால், பதினோராம் நாள் செல்ஃப் எடுக்காது. நாலு பேர் தள்ள வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வண்டியிலிருந்து ஒயர் போட வேண்டும். அதற்காகத்தான் பேட்டரி ஓரத்தில் கட்-ஆஃப் சுவிட்ச் வைக்கிறோம். லேப்டாப்பில் அப்படி ஒரேயடியாக வெட்டிவிட முடியாது. நீங்கள் பாதியில் விட்டுவந்த கடிதமும், திறந்து வைத்த பத்துப் பக்கங்களும் ராம் எனப்படும் நினைவகத்தில் இருக்கின்றன. அதற்கு மின்சாரம் நின்றால் எல்லாம் போய்விடும். ஆகவே நினைவகத்துக்கு மட்டும் துளித்துளியாக ஊட்டிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். திறந்த உடனே ஒன்று விடாமல் மறுபடி எழுப்பவும் வேண்டும். அணைப்பது சுலபம், எழுப்புவதில்தான் வில்லங்கம்.

1992இல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஏபிஎம் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் தூங்க வைக்கிற பொறுப்பு பெரும்பாலும் பயாஸுக்கு. பயாஸ் என்பது இயந்திரத்திலேயே பதித்து வருகிற அடிப்படை மென்பொருள். இயங்குதளம் 'நான் ரெடி' என்று சொன்னால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளும் விதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறியது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா மூவரும் ஏசிபிஐ என்ற புது ஏற்பாட்டை வெளியிட்டார்கள். இதில் அதிகாரம் தலைகீழாக மாறியது. எந்தக் கருவியை எப்போது அணைப்பது என்று முடிவெடுப்பது இயங்குதளம். அதற்கு வேண்டிய விவரத்தை அட்டவணைகளாக எழுதிக் கொடுப்பது மட்டும் லேப்டாப் தயாரிப்பவர் வேலை. தூக்கத்துக்கும் படிநிலைகள் வைத்து எண் கொடுத்தார்கள். எஸ்0 என்றால் விழித்திருப்பது. எஸ்3 என்றால் நினைவகம் தவிர மற்றதெல்லாம் அணைந்த ஆழ்ந்த உறக்கம். எஸ்4 என்றால் நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதி வைத்துவிட்டு முழுதாக அணைவது, அதைத்தான் ஹைபர்னேட் என்கிறோம். எஸ்5 என்றால் ஷட்டவுன்.

ஏட்டில் அழகான திட்டம். நடைமுறையில், பல தயாரிப்பாளர்கள் தங்கள் அட்டவணைகளை விண்டோஸோடு மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பினார்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாத பிழைகள் அதில் அப்படியே கிடந்தன. லினக்ஸ் போட்டவர்கள் லேப்டாப்பை மூடினால் தூங்காது, தூங்கினால் எழாது, எழுந்தால் திரை வராது.

லினக்ஸ் என்றால் என்ன என்று நம் அத்தைமார், பெரியம்மாமார் கேட்கலாம். விண்டோஸ் மாதிரி அதுவும் ஓர் இயங்குதளம், ஆனால் யாருக்கும் சொந்தமான ரகசியம் இல்லை. 1991இல் ஃபின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் உள்மையத்துக்குக் கெர்னல் என்று பெயர். நிலக்கடலைத் தொட்டியை உடைத்தால் உள்ளே பருப்பு இருக்கிறதே, அதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். கெர்னலின் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தத்துக்குப் பேட்ச், அதாவது ஒட்டு. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுவது மாதிரியே. 'இந்த வரியை எடு, அந்த வரியைச் சேர்' என்று மின்னஞ்சலில் எழுதி, ஏன் எடுக்க வேண்டும் என்று காரணமும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பிற நாடுகளில் இருப்பவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். தேறினால் சேர்ப்பார்கள். நம் பரீட்சைத் தாள் திருத்துவதைவிடக் கறாரானது.

இந்தத் தூக்க வேலையை லினக்ஸில் ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் செக் நாட்டுக்காரர் பாவெல் மாச்செக். பிறகு 2005 வாக்கில் போலந்தின் ரஃபேல் விசாக்கி வந்து சேர்ந்தார். இவர் வார்சா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து முனைவர் பட்டம் பெற்றவர். (இயற்பியல் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று என்னிடம் கேட்ட பெற்றோர்கள் கவனிக்கவும்.) இன்றுவரை லினக்ஸின் மின்சிக்கனப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பாளர். இந்தக் கதையில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் காலத்துப் பெரிய தலைவலி எழுந்த பிறகும் கறுப்பாகவே இருக்கிற திரை. காரணம் விசித்திரமானது. திரையை ஓட்டுகிற வேலை கெர்னலிடம் இல்லை, அதற்கு வெளியே இருந்த வேறொரு நிரலிடம் இருந்தது. லேப்டாப் எழுந்ததும் கெர்னலுக்குத் திரையை எப்படி ஏற்றுவது என்றே தெரியாது. வீட்டுக்காரர் வந்துவிட்டார், விளக்குச் சாவி வாடகைக்காரரிடம் இருக்கிறது, அவர் இன்னும் எழவில்லை. 2009 மார்ச்சில் வந்த 2.6.29 பதிப்பில் இன்டெல் திரைச் சில்லுகளுக்கு அந்தச் சாவியைக் கெர்னலிடமே கொடுத்தார்கள். மற்ற கம்பெனிச் சில்லுகளும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. லேப்டாப் மூடித் திறப்பது லினக்ஸில் ஓரளவு நம்பத் தகுந்ததாக ஆனது அதற்குப் பிறகுதான்.

இதற்கிடையில் இன்னொரு கண்டுபிடிப்பு. கணினி சும்மா இருக்கும்போதும் உள்ளே ஒரு கடிகாரம் விநாடிக்கு நூற்றுக்கணக்கில், சில அமைப்புகளில் ஆயிரம் தடவை, செயலியை எழுப்பி 'ஏதாவது வேலை இருக்கா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. தூங்குகிறவனைத் தட்டி எழுப்பி 'தூங்கிட்டியா' என்று கேட்கிற கதை. 2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பில் தாமஸ் கிளைக்ஸ்னர், இங்கோ மோல்னார் ஆகியோரின் உழைப்பால் வேலை இல்லாதபோது அந்தக் கடிகாரத் தட்டல் நின்றது. அடுத்த மாதமே இன்டெலின் ஆர்யன் வான் டி வென் பவர்டாப் என்ற சின்னக் கருவியை வெளியிட்டார். எந்த நிரல் விநாடிக்கு எத்தனை தடவை செயலியை எழுப்புகிறது என்று பெயரோடு பட்டியல் போட்டுக் காட்டும். வகுப்பில் பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் லீடர் எழுதி வைப்பாரே, அதே முறை. பெயர் எழுதப்பட்டதும் அதை எழுதியவர்கள் வெட்கப்பட்டுத் திருத்த ஆரம்பித்தார்கள்.

2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் செயலி சும்மா இருக்கும்போது எவ்வளவு ஆழமாக உறங்கலாம் என்று தீர்மானிக்கிற பகுதி சேர்ந்தது. அதை எழுதிய மூவரில் ஒருவர் இன்டெலில் இருந்த வெங்கடேஷ் பள்ளிபாடி. அதற்கு முன்பே, 2004இல், வேலைக்குத் தக்கபடி செயலியின் வேகத்தை ஏற்றி இறக்குகிற பகுதியிலும் அவர் கை இருந்தது. உலகம் முழுதும் ஓடிய எத்தனையோ லினக்ஸ் கணினிகள் அவருடைய ஏற்பாட்டில்தான் மூச்சு வாங்கி மூச்சு விட்டன. ஒரு நடிகர் தும்மினால் தெரிகிற நமக்கு இந்தப் பெயர் தெரியாது.

இனி நம் ஊருக்கு வருவோம்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. முதல் ஆண்டுக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல் இலக்கு. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அவற்றில் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தறி ஓட்டுகிறவர் பிள்ளை, கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர் பிள்ளை, ரிக் வண்டியில் வடநாடு போய் ஆறு மாதம் கழித்து வருகிறவர் பிள்ளை, எல்லோர் மடியிலும் ஒரு கணினி. அந்தக் காட்சியைக் கண்ட வாத்தியார் என்ற முறையில் சொல்கிறேன், அதன் மதிப்பைப் புள்ளிவிவரத்தில் சொல்ல முடியாது.

ஆனால் அதே சமயத்தில்தான் மின்வெட்டு. 2012இல் மாநிலத்தின் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டு, நமக்குப் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். பள்ளிபாளையத்தில் தறி நின்றது, திருச்செங்கோட்டில் பட்டறை நின்றது. முட்டைக்கோழிக்கு ராத்திரியும் விளக்கு வேண்டும் என்பதால் பண்ணைக்காரர்கள் டீசலை ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டினார்கள். ஒரு மணி நேரம் கரண்ட் வந்தால் அந்த ஒரு மணி நேரத்தில் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, மாவாட்டி, லேப்டாப்புக்கும் சார்ஜ் போட வேண்டும். சார்ஜ் என்பது அரிசி மாதிரி அளந்து செலவழிக்கிற பொருளாக இருந்த காலம்.

அப்போது என் வகுப்பில் ஒரு மாணவி. பாஸ் லினக்ஸில்தான் படிப்பாள், அதில் இருந்த அறிவியல் மென்பொருள்கள் அவளுக்குப் பிடிக்கும். லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு வருவாள். பள்ளிக்கு வந்து திறந்தால் சுடும், பேட்டரி காலியாகியிருக்கும். மூடினாலும் அது தூங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஷட்டவுன் செய்யச் சொன்னோம். ஷட்டவுன் செய்து மறுபடி ஏற்றுவதற்கே சார்ஜ் செலவாகிறது சார் என்றாள். அதுவும் நியாயம். தெருவிளக்கில் படித்த கதைகளைச் சொல்லி வளர்த்த பிள்ளைகளுக்கு அந்த வருடம் தெருவிளக்கும் இல்லை. அந்த லேப்டாப் திரை வெளிச்சத்தில்தான் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவளுக்கு 1.4 வாட் என்பது சின்ன எண் இல்லை.

அதே 2011இல் உலக அளவிலும் லினக்ஸ் பயனாளர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பின்னால் படித்துத்தான் தெரிந்தது. 2.6.38 பதிப்பு வந்த பிறகு பல லேப்டாப்புகளில் மின்செலவு கூடிவிட்டது. மைக்கேல் லாரபெல் என்பவர் இதை வாட் மீட்டர் வைத்து அளந்து கண்டுபிடித்தார். எந்த ஒட்டு காரணம் என்று ஆயிரக்கணக்கான ஒட்டுகளில் எப்படித் தேடுவது? அகராதியில் சொல் தேடுகிற முறைதான். நடுவில் திற, முன்னா பின்னா என்று பார், பாதியைத் தள்ளு, மிச்சத்தின் நடுவில் திற. 10,000 ஒட்டுகள் இருந்தாலும் 14 தடவையில் ஆளைப் பிடித்துவிடலாம். இரண்டின் 14ஆம் அடுக்கு 16,384 என்று மனப்பாடம் செய்யச் சொன்னபோது முணுமுணுத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பிடித்துப் பார்த்தால், உள்ளிணைப்புகளைச் சும்மா இருக்கும்போது அணைக்கிற வசதியைப் பயாஸின் பேச்சைக் கேட்டுக் கெர்னல் தேவைக்கு மேல் முடக்கிவிட்டது தெரிந்தது. மேத்யூ காரெட் 2011 நவம்பரில், விண்டோஸ் அந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்ந்து திருத்தம் எழுதினார்.

அதே ஆண்டு ஐபிஎம்மில் பணியாற்றிய ஸ்ரீவத்ச பட் இன்னொரு பிழையைத் திருத்தினார். தூங்கப் போகும்போது எல்லா நிரல்களையும் கெர்னல் உறைய வைக்கும். அதே நொடியில் செயலியின் ஒரு பாகத்தை வேறொருவர் அணைத்துக்கொண்டிருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். எப்போதாவது ஒரு தடவை நடக்கிற மோதல். எப்போதாவது நடப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தினம் வலிக்கிற பல்லை டாக்டரிடம் காட்டிவிடலாம்; டாக்டரிடம் போனால் மட்டும் வலிக்காத பல்லை என்ன செய்வது?

கைபேசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்ட்ராய்டு கைபேசி உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். வேலை இல்லாத கணமே தூங்கிவிட வேண்டும், யாராவது 'வேலை இருக்கிறது' என்று கையைத் தூக்கினால் மட்டும் விழித்திருக்க வேண்டும் என்பது கூகுளின் வழி. அந்த ஒட்டுகளை 2009இல் அனுப்பினார்கள். கெர்னல்காரர்கள் ஏற்கவில்லை. மாதக்கணக்கில் சண்டை. கடைசியில் விசாக்கிதான் இரு தரப்பும் ஒப்புகிற மாதிரி வேறு வடிவத்தில் எழுதி 2012 ஜூலையில் 3.5 பதிப்பில் சேர்த்தார். பஞ்சாயத்துக்குப் பொறுமையான ஆள் ஒருவர் வேண்டும் என்பது எந்த ஊருக்கும் பொது.

இந்தக் கைபேசிப் பழக்கம்தான் லேப்டாப்பின் தூக்கத்தைக் கெடுத்தது. மூடி வைத்திருந்தாலும் மின்னஞ்சல் வர வேண்டும், திறந்த நொடியில் திரை வர வேண்டும் என்ற ஆசை வந்தது. 2012இல் விண்டோஸ் 8 அதற்கு ஒரு புது ஏற்பாடு செய்தது, 2015இல் விண்டோஸ் 10 அதை விரித்து மாடர்ன் ஸ்டேண்ட்பை என்று பெயர் வைத்தது. இதில் லேப்டாப் எஸ்3க்குப் போவதே இல்லை. கணக்கில் எஸ்0, அதாவது விழித்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கருவியும் தானாகக் கண்ணை மூடிக்கொண்டால் மொத்தமும் ஏறக்குறைய எஸ்3 அளவுக்கு இறங்கிவிடும் என்பது எதிர்பார்ப்பு.

இந்த 'ஒவ்வொரு கருவியும்' என்பதில்தான் வினை. கல்யாண மண்டபத்து மேனேஜரை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் பத்து மணிக்கு மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார், அவ்வளவுதான். புது முறையில் எல்லோரும் படுத்த பிறகுதான் இறக்கலாம். மாப்பிள்ளை வீட்டார் படுத்தாயிற்று, பெண் வீட்டார் படுத்தாயிற்று, சமையல்காரரும் படுத்தாயிற்று. மாடியில் ஒரே ஒரு சித்தப்பா சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் ஒருவருக்காக ஜெனரேட்டர் விடிய விடிய ஓடும். லேப்டாப்பில் அந்தச் சித்தப்பா வைஃபை சில்லாக இருக்கலாம், வட்டாக இருக்கலாம், யூஎஸ்பியில் செருகி மறந்த சின்ன டாங்கிளாகவும் இருக்கலாம். என் மாணவரின் 28 சதவீதத்தைக் குடித்ததும் இவர்களில் ஒருவராகத்தான் இருக்கும்.

லினக்ஸ் இதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. 2013 ஏப்ரலில் 3.9 பதிப்பில் விசாக்கியும் கூட்டாளிகளும் எஸ்3 இல்லாமலே தூங்குகிற வழியைச் சேர்த்தார்கள். 2015இல் 4.0 பதிப்பில் அந்தத் தூக்கத்தின்போது கடிகாரத் தட்டலையும் முழுதாக நிறுத்தினார்கள். அடுத்து, தூங்குகிறதா நடிக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி வேண்டும். 2016இல் 4.8 பதிப்பில் இன்டெலின் ராஜ்நீஷ் பரத்வாஜ் எழுதிய ஓட்டுநிரல் வந்தது. சில்லு உண்மையிலேயே ஆழத்துக்குப் போய் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை அது எண்ணாகக் காட்டும். மூடித் திறந்த பிறகு அந்த எண் பூஜ்யமாகவே இருந்தால் ஜெனரேட்டர் நிற்கவே இல்லை என்று அர்த்தம். கண்ணை மூடிக்கொண்டு நடிக்கிற பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. இந்த ஒரு எண் வந்த பிறகுதான் திருத்தங்கள் வேகம் பிடித்தன என்பது என் கருத்து.

2018இல் ஒரு ருசிகரமான சம்பவம். லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஆறாம் தலைமுறை எஸ்3 இல்லாமலே வந்தது. விலை உயர்ந்த லேப்டாப், லினக்ஸ்காரர்களுக்குப் பிடித்த வரிசை. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்துப் பார்த்தார்கள். எஸ்3 வன்பொருளில் இருக்கிறது, அட்டவணையில் மட்டும் மறைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, தாங்களே அட்டவணையைத் திருத்தி ஏற்றிக்கொண்டார்கள். சில மாதங்களில் லெனோவோ பயாஸிலேயே ஒரு தேர்வு வைத்தது: தூக்கம் 'விண்டோஸ் 10' மாதிரி வேண்டுமா, 'லினக்ஸ்' மாதிரி வேண்டுமா? வாடிக்கையாளர் கேட்டு வாங்கிய உரிமை. ஆனால் அந்த வெற்றி நீடிக்கவில்லை. 2020க்குப் பிறகு வந்த பல இன்டெல் லேப்டாப்புகளில் எஸ்3 அடியோடு இல்லை. மறைத்து வைத்ததைத் தேடி எடுக்கலாம், இல்லாததை எப்படி எடுப்பது?

ஆகவே மண்டபத்துச் சித்தப்பாக்களை ஒவ்வொருவராகப் படுக்க வைக்கிற வேலைதான் மிச்சம். அதில் மிகவும் வேடிக்கையானது என்விஎம்இ வட்டு விவகாரம். லேப்டாப் மூடினால் லினக்ஸ் அந்த வட்டை முழுதாக அணைத்தது. நல்ல பிள்ளை செய்வது அதுதானே? ஆனால் சில லேப்டாப்புகளில் அணைத்த பிறகு மின்செலவு கூடியது. விண்டோஸ் வட்டை அணைக்காமல், வட்டுக்கே உரிய அரைத்தூக்கத்தில் விட்டுவைக்கும். தயாரிப்பாளர்கள் அந்தப் பழக்கத்தை நம்பியே பலகையை வடிவமைத்திருந்தார்கள். முழுதாக அணைத்தால் சில்லு ஆழத்துக்குப் போகாது. கீத் புஷ் எழுதிய திருத்தம் 2019 செப்டம்பரில் வந்த 5.3 பதிப்பில் சேர்ந்தது. அந்த அரைத்தூக்கம் பொருந்தாத அமைப்புகளுக்கு விலக்கு கொடுத்து விசாக்கி இன்னொரு ஒட்டுப் போட்டார். ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்கு ஒத்துக்கொள்ளாது.

ஏஎம்டி செயலிகளுக்கு இந்த வசதி தாமதமாகத்தான் வந்தது. 2021 பிப்ரவரியில் வெளியான 5.11 பதிப்பில் ஏஎம்டியின் ஷ்யாம் சுந்தர் எஸ்.கே. எழுதிய பகுதி சேர்ந்தது. கெர்னலில் அந்த ஓட்டுநிரலுக்குப் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயரே இருக்கிறது. பின்னர் அதே நிறுவனத்தின் மரியோ லிமோன்செல்லோ, எந்தச் சித்தப்பா விழித்திருக்கிறார் என்று சாதாரணப் பயனாளரே தெரிந்துகொள்ள ஒரு சின்னக் கருவி எழுதி வெளியிட்டார்.

இவ்வளவு சிரமம் நாட்டின் மின்சாரத்தை மிச்சப்படுத்தவா என்றால், அதை மிகைப்படுத்த வேண்டாம். 10 லட்சம் லேப்டாப்புகள் ஆளுக்கு 1 வாட் வீண் செய்தாலும் மொத்தம் 1 மெகாவாட்தான். நம் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் பழைய அலகு ஒன்றே 210 மெகாவாட். லேப்டாப் தூங்கியிருந்தால் 2012 மின்வெட்டு வந்திருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதிப்பு நாட்டுக்கு இல்லை, அந்த ஒரு பேட்டரியை நம்பியிருக்கிற ஒரு ஆளுக்கு. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வந்து கல்லூரியில் திறந்து பார்க்கிற பிள்ளைக்கு. அடிக்கடி அடிமட்டம் வரை வடிந்தால் பேட்டரியின் ஆயுளும் குறையும், புதுப் பேட்டரி வாங்குகிற காசு அந்த வீட்டில் ஒரு மாத மளிகை.

2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்று அறிவித்தார்கள். நம் சொந்தத்திலும் வாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சில விஷயங்கள்.

பையில் போடும் முன்பும் ஊருக்குப் போகும் முன்பும் ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட் போடுங்கள். ஹைபர்னேட்டில் நினைவகத்துக்கும் மின்சாரம் வேண்டாம், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம், எழ மட்டும் கொஞ்ச நேரம் பிடிக்கும். யூஎஸ்பியில் செருகிய டாங்கிள்களைப் பிடுங்கிவிட்டு ஓர் இரவு சோதித்துப் பாருங்கள். லினக்ஸ் என்றால் கெர்னலையும் பயாஸையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன ஒட்டுகள் எல்லாம் புதுப் பதிப்பில் இலவசமாகவே வருகின்றன. 'சிஸ்' அடைவுக்குள் 'பவர்', அதற்குள் 'மெம்_ஸ்லீப்' என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் 'டீப்' என்ற சொல் இருந்தால் உங்கள் லேப்டாப்பில் பழைய எஸ்3 இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புது முறைதான்.

எல்லாம் செய்தும் வடிகிறது என்றால் கெர்னல்காரர்களுக்கு எழுதிப் போடுங்கள். ஒரு ஒட்டு சேரும்போது எழுதியவர் பெயரோடு, குறையை முதலில் சொன்னவர் பெயரையும், சோதித்துப் பார்த்தவர் பெயரையும் தனி வரியாகச் சேர்ப்பது அங்கே வழக்கம். நிரல் எழுதத் தெரியாதவர்கள் பெயரும் அப்படிக் கெர்னலின் வரலாற்றில் ஏறியிருக்கிறது. எழுதும்போது லேப்டாப் மாடல், பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிப்பு, எத்தனை மணி நேரத்தில் எத்தனை சதவீதம் இறங்கியது என்ற நான்கும் கட்டாயம் வேண்டும். 'லேப்டாப் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் பதில் வராது. ஆங்கிலம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் கவலைப்படாதீர்கள், அங்கே எழுதுகிற பலருக்கும் அது தாய்மொழி இல்லை. அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால், வாட் கணக்கை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன்.